திருப்பி வச்ச ஆப்பு

கிணத்துக்கடவு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, "ஓரமா நிறுத்து கண்ணு"ன்னார் அப்பா. டீ குடிக்கத்தான்னு நினைச்சு நிறுத்தினேன். மனுஷன் எறங்கி, பின் சீட்டுல இருந்த மஞ்சப்பையை எடுத்துக்கிட்டு, "நான் பஸ்ல வந்தர்றேன். நீ பாத்து மெதுவா ஓட்டிட்டு வா"ன்னார்.

"ஏனுங்கப்பா, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு இந்த அதிர்வு ஒத்துக்கல."

அவ்ளோதான். பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டார்.

மக்களே, அது அவரோட வண்டி. 1991 மாடல் அம்பாசடர் நோவா. 1996-ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். நான் பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்ததே இதுலதான். பொள்ளாச்சி மண்டிக்குத் தேங்காய் போனதும் இதுலதான், அக்கா கல்யாணத்துக்குப் பொண்ணு போனதும் இதுலதான். அத்தனை வருஷம் ஓட்டின ஆள், அதுல இருந்து எறங்கி பஸ் ஏறிப் போறார். காரணம், பொட்டி தட்டிச் சம்பாரிச்ச காசுல நான் பண்ணின 'மேம்பாடு'. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

*

பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் தேஞ்சு போச்சு. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறினா 40 கொண்டை ஊசி வளைவு. இது ஒன்பதாவதுலயே கொதிச்சு நின்னு ஆவி விடும். போரிங் பண்றதுக்குப் பதிலா வேற எஞ்சின் ஏத்திடலாம்னு நான்தான் அப்பாவை நச்சரிச்சேன். 1990-கள்ல கம்பெனியே இசுசு 1817 சிசி எஞ்சினும் அஞ்சு கியர் பெட்டியும் வச்சு அம்பாசடர் வித்திருக்கு, அதனால விபரீத ஆசைன்னும் சொல்ல முடியாது. ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில எஞ்சின் நம்பர் எல்லாம் முறையா மாத்தியாச்சு.

எஞ்சினோட நாலு விஷயம் சேர்ந்து மாறிச்சு. ஸ்டியரிங் பக்கத்துல இருந்த கியர் கம்பி போய் தரையில கியர் வந்துச்சு. (அப்பா கை இன்னும் ஸ்டியரிங் பக்கம்தான் போகும்.) புது கியர் பெட்டி நீளம்கிறதால ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை 9 சென்டிமீட்டர் வெட்டி லேத்துல ஒட்ட வச்சோம். பின்னாடி கமான் பட்டை தளர்ந்திருந்ததால அதை செட் பண்ணி ஒரு பட்டை கூடச் சேத்தோம், பின்பக்கம் நல்லா தூக்கிக்கிச்சு. தூக்கினதுல ஷாஃப்ட்டோட சாய்வு மாறும் இல்லையா, அதை ஈடுகட்ட கமானுக்கும் பின் அச்சோட ஹவுசிங்குக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு இரும்பு ஆப்பு. ரெண்டரை டிகிரி. இந்த ஆப்புக்குக் கணக்குப் போட்டது அடியேன். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு ஜாவா எழுதறவனுக்கு, படிச்சது உபயோகப்படற நாள் வந்தா எவ்ளோ குஷி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.

வண்டி வந்துச்சு. 60 கிலோமீட்டர் வரைக்கும் வெண்ணெய். 65-ல பாதத்துல ஒரு கூச்சம். 70-ஐத் தாண்டினா 'ஹ்ம்ம்ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம், உள் கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியும், டேஷ்போர்டு பிள்ளையார் தலையாட்டுவார். 80-ஐத் தாண்டினா கொஞ்சம் அடங்கும். ஆனா பொள்ளாச்சி ரோட்டுல இந்த வண்டிய யாரு எப்பவும் 80-க்கு மேல ஓட்டறது?

நானா ஒரு முடிவுக்கு வந்தேன்: கமான் கட்டினவர் சொதப்பிட்டார். அவருக்குத் தரவேண்டிய பாக்கி 6,000 ரூபாயை நிறுத்தி வச்சேன். பழைய வண்டி வச்சிருக்கிற ரெண்டு சிநேகிதனுங்க கிட்ட "அந்தப் பட்டறைக்கு மட்டும் போயிடாதீங்கடா"ன்னும் சொல்லி வச்சேன். அப்பா ஒரு தடவை கேட்டார், "அந்தக் கமான்காரருக்குப் பாக்கி குடுத்தாச்சா?"ன்னு. "வேலை ஒழுங்கா முடியட்டும்ங்கப்பா"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல.

*

அப்பா பஸ் ஏறின அன்னிக்குத்தான் இதை ஒழுங்கா உக்காந்து பாக்கணும்னு தோணுச்சு. அதுவரைக்கும் பண்ணதெல்லாம் திட்டறது மட்டும்தான்.

அதிர்வுன்னா என்ன, எதோ ஒண்ணு சுத்துது, சுத்தறது சரியில்ல. எது எதோட வேகத்துக்குச் சுத்துதுன்னு பிரிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு, காலியான ரோட்டுல மூணு சோதனை.

ஒண்ணு, நின்ன இடத்துல நியூட்ரல்ல எஞ்சினை முறுக்கினேன். 3000 ஆர்.பி.எம். வரைக்கும் ஒண்ணுமில்ல.

ரெண்டு, அதே 72-ஐ மூணாவது, நாலாவது, அஞ்சாவது கியர்ல ஓட்டினேன். எஞ்சின் வேகம் மூணுலயும் வேற வேற. அதிர்வு மட்டும் மூணுலயும் அதே 72-ல.

மூணு, 80-க்குப் போய் நியூட்ரல்ல போட்டு உருள விட்டேன். (எஞ்சினை அணைக்கக் கூடாது சாமிகளா.) 72-க்கு வரும்போது ஆஜர். கியர்லயே வச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. மிதிச்சு இழுக்கும்போது கொஞ்சம் கம்மி. இந்தக் கடைசி வரியை ஒரு நோட்டுல எழுதி வச்சேன், அர்த்தம் அப்போ புரியல.

ஆக, எஞ்சின், கிளட்ச் ரெண்டும் நிரபராதி. வண்டி வேகத்தோட சேர்ந்து சுத்தற சாமான்கள் மட்டும் பாக்கி: ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கிரவுன், பின் அச்சு, சக்கரம்.

இங்கதான் என்னோட பொட்டி தட்டற புத்தி வேலை செஞ்சுது. போன்ல அதிர்வை அளக்கற சென்சார் இருக்கே! அதுல இருந்து எண்களை எடுத்து, அலைவரிசையாப் பிரிச்சுப் படம் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு உருட்டி அளந்தா ஒரு சுத்துக்கு 2 மீட்டர். 72 கிலோமீட்டர்னா வினாடிக்கு 20 மீட்டர், அதாவது சக்கரம் வினாடிக்கு 10 சுத்து. கிரவுன்ல 41 பல், பினியன்ல 9. ஷாஃப்ட் வினாடிக்கு 45.6 சுத்து. எந்த எண்ல கோபுரம் எழும்புதோ அதான் திருடன்.

போனை ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவுல தரையில ஒட்டி, ஸ்பீடோமீட்டர் 72 காட்டும்போது பதிவு பண்ணேன். 8.9 ஹெர்ட்ஸ்ல ராஜகோபுரம். 45 பக்கம் ஒரு சின்ன மேடு.

10 வரணும், 8.9 வந்திருக்கு. "ஸ்பீடோ பொய் சொல்லுது, கியர் பெட்டிதான் மாத்தியாச்சே, நிஜ வேகம் 64-ஆ இருக்கும்"னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். தீர்ப்பு: சக்கரம். பேலன்சிங் பண்ணேன். மாறல. சக்கரத்தை முன்னாடி பின்னாடி மாத்தினேன். மாறல. 18,000 ரூபாய்க்கு நாலு புது டயர் போட்டேன்.

மாறல. அவ்வ்வ்வ்.

*

கடைசியில, அந்த 45 பக்கத்து மேட்டையாவது அமுக்கலாம்னு ஷாஃப்ட்டை பேலன்ஸ் பண்ண கணபதியில ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்க இருக்கற அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். ஷாஃப்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி "ஒரு ரவுண்டு போலாம் வாங்க"ன்னார். செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தார். 72 வந்ததும் கண்ணை மூடிக்கிட்டார்.

"சக்கரம்ங்கறீங்களா தம்பி?"

"ஆமாங்கண்ணா. அளந்து பாத்துட்டேன்."

"பேலன்ஸ் போன சக்கரம் ஆடும்ங்க. தொடைல தெரியும், ஸ்டியரிங்ல தெரியும். இது பாதத்துல கூசுது. அதுவுமில்லாம இது பாடுதுங்களே. காதுல கேக்குதில்லீங்க?"

கேக்குது. மூணு மாசமா கேக்குது.

மனுஷக் காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா எதுவும் கேக்காது. எட்டாங்கிளாஸ் அறிவியல். என்னோட ராஜகோபுரம் 8.9-ல இருக்கு. அப்போ 'ஹ்ம்ம்ம்'னு காதுல விழறது என்ன? இந்தக் கேள்வி ஒரு தடவை கூட எனக்கு வரல. போன் சொல்லிடுச்சு, அப்புறம் காது எதுக்குன்னு விட்டுட்டேன் போல.

அன்னிக்கு ராத்திரி நிரலைத் திறந்து பாத்தேன். வினாடிக்கு 100 தடவைதான் அளவு எடுத்திருக்கு. வினாடிக்கு 100 அளவுன்னா 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பலாம். அதுக்கு மேல இருக்கற அதிர்வு காணாமப் போகாது, வேஷம் மாத்திக்கிட்டு கீழ வந்து உக்காந்துக்கும். பழைய படத்துல குதிரை வண்டி வேகமாப் போகும்போது சக்கரம் பின்பக்கமா மெதுவா சுத்தற மாதிரி தெரியும் பாருங்க, அதே சமாச்சாரம்தான். கேமரா வினாடிக்கு 24 படம்தான் எடுக்குது, நடுவுல சக்கரம் என்ன பண்ணுச்சுன்னு அதுக்குத் தெரியாது. 91 ஹெர்ட்ஸ் அதிர்வை 100 தடவை அளந்தா, அது 9 ஹெர்ட்ஸ் மாதிரியே படத்துல விழும். இதெல்லாம் ஈ.சி.ஈ. பசங்க பாடம்னு காலேஜ்ல நக்கல் பண்ணிட்டுத் திரிஞ்சவன் நான். வச்சு செஞ்சிடுச்சு.

91 எங்கிருந்து வந்துச்சுங்கறீங்களா? ஷாஃப்ட் 45.6. அதை ரெண்டால பெருக்குங்க.

மறுநாள் அளவு எடுக்கற வேகத்தை 400 ஆக்கி, வண்டி வேகத்துக்கு ஸ்பீடோவை விட்டுட்டு ஜி.பி.எஸ். வச்சு ஓட்டினேன். ஸ்பீடோ பாவம், ஓரளவு உண்மைதான் சொல்லியிருக்கு. 72-ல 91 ஹெர்ட்ஸ்ல கோபுரம், 8.9-ல வெறும் தரை. 65-ல 82. 76-ல 96. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. பழைய முறையில இதே மூணு வேகத்துலயும் அளந்திருந்தா 18, 9, 4-ன்னு வேகம் ஏற ஏற இறங்கியிருக்கும். வேகமாப் போனா மெதுவா சுத்தற சக்கரம் உலகத்துல கிடையாது, அப்பவே முழிச்சிருப்பேன். நான் அதிர்வு உச்சத்துல இருக்கற ஒரே ஒரு வேகத்துல மட்டும் அளந்துட்டு தீர்ப்பு எழுதிட்டேன்.

*

ஷாஃப்ட்டோட வேகத்துல ஒரு மடங்குன்னா பேலன்ஸ் பிரச்சினை, இல்ல ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. ரெண்டு மடங்குன்னா கை நேரா கிராஸைக் காட்டும். ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற யூனிவர்சல் ஜாயின்ட்டைத்தான் மெக்கானிக்குங்க கிராஸ்ங்கறாங்க.

இந்த ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. கோணத்துல வேலை செய்யும்போது, உள்ள வர்ற சுத்து ஒரே சீரா இருந்தாலும் வெளிய போற சுத்து சீரா இருக்காது. ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவை வேகமாகும், ரெண்டு தடவை மெதுவாகும். இரண்டாம் வருஷம் கைனமேடிக்ஸ்ல இதை 16 மார்க்குக்கு எழுதியிருக்கேன். ஆறு டிகிரி கோணத்துல கூடக்குறைய அரை சதவீதம் ஏற்ற இறக்கம். அரை சதவீதம்தானேன்னு தோணும். ஷாஃப்ட் 2730 ஆர்.பி.எம்.ல சுத்துது. 2715-க்கும் 2745-க்கும் நடுவுல வினாடிக்கு 91 தடவை போய்ட்டு வந்தா? பின்னாடி இருக்கற கிரவுனும் சக்கரமும் கனமான ஆளுங்க, இந்தக் குரங்குச் சேட்டைக்கு ஒத்துக்க மாட்டாங்க. நடுவுல மாட்டிக்கிட்ட ஷாஃப்ட்தான் ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை இழுபடும். அந்த அடி கியர் பெட்டி வழியா பாடிக்கு ஏறி, தகரம் பாட ஆரம்பிச்சுடும்.

இதுக்கு மருந்தும் அதே ஜாயின்ட்தான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டு கோணமும் சமமா இருந்து, ஷாஃப்ட்டோட ரெண்டு நுனியில இருக்கற கவட்டையும் ஒரே நேர்கோட்டுல இருந்தா, முன்னாடி ஜாயின்ட் பண்ற சேட்டையைப் பின்னாடி ஜாயின்ட் அப்படியே திருப்பி அழிச்சுடும். அதுக்கு கியர் பெட்டியோட வால் எந்தச் சாய்வுல இருக்கோ, அதே சாய்வுல பினியனும் இருக்கணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணை.

லேத் அண்ணன் முதல்ல கவட்டையைப் பாத்தார். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டும்போது இது திரும்பிப் போறது சகஜமாம். ஸ்கேலை வச்சுப் பாத்தார், நேராத்தான் இருந்துச்சு. அப்புறம் வண்டியைக் குழி மேல நிறுத்தினோம். "லிஃப்ட்ல தூக்கி அளக்காதீங்க. சக்கரம் தொங்குனா ஹவுசிங் கீழ போயிரும், கோணம் பூராவும் பொய்யி"ன்னார். சக்கரம் தரையில, வண்டி தன் கால்ல நிக்கும்போது காந்தம் வச்ச டிஜிட்டல் கோணமானியால அளந்தோம்.

கியர் பெட்டி வால்: பின்பக்கமா கீழ்நோக்கி 4 டிகிரி. ஷாஃப்ட்: அதே திசையில 5. முன் ஜாயின்ட்டுல கோணம் 1. அருமை.

பினியன்: கோணமானி 1 காட்டுச்சு. எதிர்த் திசையில.

அதாவது பினியன் மூக்கு தூக்கி நிக்கறதுக்குப் பதிலா ஒரு டிகிரி குனிஞ்சு நிக்குது. பின் ஜாயின்ட்டுல கோணம் 6. முன்னாடி 1, பின்னாடி 6, எங்க இருந்து அழியும்? நோட்டுல புரியாம எழுதி வச்சிருந்த அந்த வரியும் அப்போ புரிஞ்சுது. ஆக்சிலரேட்டர் மிதிச்சா சக்கரம் ஒரு பக்கம் சுத்த, ஹவுசிங் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கும், பினியன் மூக்கு மேல தூக்கும். கோணம் குறையும், அதிர்வும் குறையும். காலை எடுத்தா மூக்கு இன்னும் குனியும்.

"ஆப்பைத் திருப்பி வச்சிருக்காங்க தம்பி"ன்னு குழிக்குள்ள இருந்து குரல் வந்துச்சு. "தடிச்ச பக்கம் முன்னாடி வரோணும். பின்னாடி இருக்குது. யாருங்க சொன்னது இப்படி வெக்கச் சொல்லி?"

*

எனக்கு உடனே கோவம் கமான்காரர் மேலதான். நான் அன்னிக்கே சொன்னேன்ல, சொதப்பிட்டார்னு! ஆதாரத்தோட சண்டை போட பழைய வாட்ஸப் செய்தியைத் தேடினேன். கிடைச்சுது. கையால படம் வரைஞ்சு, அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கேன். கீழ ஒரு வரி.

'தடிச்ச பக்கம் கண்டிப்பா பின்னாடி வரணும்.'

கண்டிப்பாவாம்.

எப்படி ஆச்சுன்னும் அன்னிக்கு ராத்திரியே கண்டுபிடிச்சேன். நான் பாத்துப் படிச்ச விளக்கம் ஒரு பிக்கப் வண்டிக்கு எழுதினது. அதுல கமான் மேல, அச்சு கீழ தொங்கும். ஆப்போட தடிச்ச பக்கம் பின்னாடி இருந்தா மூக்கு தூக்கும். நம்ம வண்டியில அச்சு கமானுக்கு மேல உக்காந்திருக்கு. எல்லாம் தலைகீழ். ரெண்டரை டிகிரி மேல போக வேண்டியது ரெண்டரை டிகிரி கீழ போயிடுச்சு, மொத்தம் அஞ்சு டிகிரி தப்பு. கணக்கெல்லாம் சரி, கூட்டல் குறி மட்டும் கழித்தல் குறியாயிடுச்சு. ஆபீஸ்ல இந்த மாதிரி ஒரு குறி மாறிப்போனா சோதனை பண்ற டீம் பத்து நிமிஷத்துல பிடிச்சிடுவாங்க. இங்க என்னைச் சோதனை பண்ண யாருமில்ல. இருந்த ஒருத்தர் கிட்ட காசைப் பிடிச்சு வச்சிருந்தேன்.

யூ போல்ட்டைக் கழட்டி ஆப்பைத் திருப்பினோம். அப்படியே திருப்பினா மூக்கு சரியா 4 டிகிரி, கியர் பெட்டிக்கு இணை. லேத் அண்ணன் ஒத்துக்கல. "மிதிச்சா மூக்கு இன்னும் தூக்கும்ல? நிக்கறப்ப ஒரு டிகிரி கொறச்சலா இருக்கட்டும், ஓடறப்ப சரியாயிரும்"னு ஆப்பைத் தேய்ச்சு ஒண்ணரை ஆக்கினார். இப்போ மூக்கு 3. பின் ஜாயின்ட்டுல கோணம் 2. தோராயக் கணக்கு வேணும்னா, ரெண்டு கோணத்தையும் வர்க்கம் எடுத்துக் கழிங்க. முன்னாடி 36-ல 1 போக 35. இப்போ 4-ல 1 போக 3. பன்னெண்டுல ஒரு பங்கு.

பின் கிராஸைக் கழட்டினப்போதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஊசி பேரிங் உக்கார்ற இடத்துல வரி வரியாப் பள்ளம். விரல் நகத்தை வச்சா மாட்டுது. இன்னும் கொஞ்ச மாசம் ஓட்டியிருந்தா கிராஸ் உடைஞ்சிருக்கும். ஓட்டத்துல ஷாஃப்ட் அவுந்து விழுந்தா என்ன ஆகும்னு லேத் அண்ணன் பட்டறை மூலையில கிடந்த ஒரு லாரி ஷாஃப்ட்டைக் காட்டினார். கரும்பை முறிச்ச மாதிரி கிடந்துச்சு. அப்பா பயந்துக்கிட்டு எறங்கினதா நினைச்சேன். அந்த வண்டியில இருந்த ரெண்டு பேர்ல அவர்தான் சரியான ஆள்.

ரெண்டு கிராஸும் புதுசு மாத்தி, ஷாஃப்ட்டையும் பேலன்ஸ் பண்ணிட்டு ஓட்டிப் பாத்தேன். 72. பிள்ளையார் அசையல. போன் படத்துல 91 இருந்த இடத்துல ஒரு சின்ன முள்ளு. ரீங்காரம் போய் காத்து சத்தம் மட்டும்.

*

அடுத்த நாள் 6,000 ரூபாயை எடுத்துக்கிட்டு கமான் பட்டறைக்குப் போனேன். போற வழியெல்லாம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒத்திகை. போய் நின்னதும் எல்லாம் மறந்து போச்சு. "அண்ணா, தப்பு என்னோடதுங்க. ஆப்பை நான்தான் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கேன்"னேன்.

அவர் கையில இருந்த சுத்தியலைக் கீழ வச்சார். "நான் அன்னிக்கே கேட்டனுங்களே தம்பி, இது முன்னாடியில்ல வரோணும்னு. நீங்க படம் போட்டுக் காட்டுனீங்க. சரி, இன்ஜினியருங்க சொல்றாங்க, நமக்கென்ன தெரியும்னு வச்சுட்டேன்."

கேட்டார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கேட்டப்போ நான் சிரிச்சதும் ஞாபகம் இருக்கு.

பணத்தை எண்ணாம சட்டைப் பையில வச்சுக்கிட்டு டீ சொன்னார். அந்த ரெண்டு சிநேகிதனுங்களுக்கும் அங்கிருந்தே போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தன் ஏற்கெனவே வேற இடத்துல வேலை குடுத்துட்டானாம்.

அந்த ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட, "ஷாஃப்ட் வேலை பாத்திருக்கேனுங்க, ஒரு எட்டு கோயமுத்தூர் போயிட்டு வரலாமா"ன்னேன். சாவியைக் கேட்டு வாங்கி டிரைவர் சீட்டுல உக்காந்துட்டார். ரெண்டாவது கியருக்கு கை வழக்கம்போல ஸ்டியரிங் பக்கம் போய் காத்தைத் தடவிட்டு, கீழ வந்துச்சு. 60. 65. 70. நான் மூச்சை அடக்கிக்கிட்டு அவர் பாதத்தையே பாத்துட்டு இருந்தேன். அவர் ரோட்டைப் பாத்துட்டு இருந்தார். கிணத்துக்கடவு வந்துச்சு, அதே பஸ் ஸ்டாப்பு போச்சு.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"கமான்காரருக்குக் காசு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேனுங்கப்பா."

"ம்ம்"னுட்டு அஞ்சாவது கியரைப் போட்டார்.

*

டிஸ்கி: நாலு டயர் சும்மா மாத்தின கதை இன்னும் வீட்டுக்குத் தெரியாது. பழசு தேஞ்சு போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். பொள்ளாச்சிப் பக்கத்து ஆளுங்க யாரும் போட்டுக் குடுத்துடாதீங்கப்பு :)